புது மூட்டும் முப்பத்தாறு படிகளும்

அன்பு மகளுக்கு,

முதலில் உன் நலம் கேட்க வேண்டும், தெரியும். ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று காலை ஒன்பது படி ஏறி இறங்கினேன்!

ஆஸ்பத்திரி மாடிப்படியில், ஒரு கை கம்பியில், ஒரு கை ஊன்றுகோலில். நடைப்பயிற்சி தரும் பெண்ணுக்கு 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறேன். "சார், காலையே பாக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது. மேல பாருங்க" என்று ஒரு அதட்டல். முப்பத்தைந்து வருஷம் வகுப்பை அதட்டியவன் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தேன்.

உன் அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். ஏழு வருஷம் முன்பு முழங்காலில் வைத்த செயற்கை மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக வலிக்கிறது என்று சொன்னவனை யார் நம்பினார்கள்? "கடைக்குப் போகச் சொன்னா வலிக்கும், செஸ் ஆடப் போனா மட்டும் வலிக்காதோ?" என்பாள். எக்ஸ்ரேயில் எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே கறுப்புக் கோட்டை டாக்டர் காட்டியதும், "பாத்தியா!" என்று கத்தியே விட்டேன். மூட்டு கெட்டுப்போனதற்கு இப்படிக் குதிக்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லையாம்.

புரியும்படி சொல்கிறேன். சுவரில் ஆணி ஆடினால், அதே ஓட்டையில் அதே ஆணியை அடித்துப் பயனில்லை. உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆழமாக இறங்கும் நீள ஆணி அடிக்க வேண்டும். டாக்டர் செய்ததும் அதுதான். மூன்று மணி நேரம். உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது உன்னைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை.

அம்மா 'மாப்பிள்ளை' என்று சொல்லும் உன் வீட்டுக்காரர், "உள்ள வச்ச கம்பி எத்தனை மில்லிமீட்டர், என்ன உலோகம்?" என்று அவளிடம் கேட்டாராம். நலம் விசாரித்த இருபது பேரில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

அந்த நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீங்கள் குடிவந்த புதிதில் அம்மாவோடு வந்தேன். மாடிக் கைப்பிடி ஓரம் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். முதல் படியில் கால் வைத்தேன், முட்டியைப் பிடித்தேன், திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை.

வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் கொண்டுவரும் பிள்ளைகளில் சிலருக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும். ஆனால் அன்றைக்குக் கணக்குப் பரீட்சையும் இருக்கும். எனக்கும் அன்று வலித்தது. ஏற முடியாத வலி இல்லை, மகளே. வாத்தியார் மகள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாளே என்ற வீம்பு. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறாரே என்று கேலி வேறு பேசினேன். பழியை மூட்டின் மேல் போட்டேன். இப்போது மூட்டு புதிது. போட இடமில்லை.

உன் வீட்டுக்கு முப்பத்தாறு படி என்று அம்மா எண்ணி வந்திருக்கிறாள். ஆறு வாரம் போகட்டும் என்கிறார் டாக்டர். ஏறும்போது நல்ல கால் முதலில், துணைக்கு ஒருவர் பின்னால் ஒரு படி கீழே நிற்க வேண்டும். அம்மாவால் என்னைத் தாங்க முடியாது. மாப்பிள்ளை நிற்பாரா என்று கேட்டு எழுது.

நீ அன்று நின்ற இடத்திலேயே நில். மேலே பார்த்து ஏற வேண்டும் என்கிறாள் ஹெட்மிஸ்ட்ரஸ். பார்க்க அங்கே நீ இருக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் நிறைவாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நூறு மில்லிமீட்டர், டைட்டானியம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் சொல்.