கடலில் கரையாத துண்டு

அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா, பாப்பாம்மா, காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன். தமிழ்ப் பிள்ளைதான், நர்ஸ் மிசி, பெயர் மலர். உன் பெயரைச் சொன்னதுமே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. இனி என்ன சொல்லப்போகிறார்கள் என்று பயம்.

ஆப்பரேஷனில் எடுத்த உன் மார்பில் சின்னத் துண்டு ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். எல்லாருக்கும் அப்படி வைப்பதுதானாம். இப்போது கேன்சர் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள். வீட்டு ஆள் சரி என்றால்தான் தொடுவார்களாம்.

"வெள்ளிக்கிழமை வாங்கக்கா. வேணாம்னாலும் வந்து சொல்லுங்க, பரவால்ல."

சோறு அடிப்பிடித்துவிட்டது.

8, புதன்

பாயான் பாருவில் கேண்டீன் வேலை. குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. யாரும் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஜுரு பட்டறையிலிருந்து அண்ணன் போன். கார் தட்டுகிற சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசினார்.

"எல்லாத்தையும் கடல்ல கரைச்சிட்டோம்னு நெனச்சோம். ஒரு துண்டு இங்கயே கெடந்தா அம்மா எப்படிப் போவும்? வாங்கிட்டு வந்துரு. தீபாவளிப் படையலுக்கு முன்னாடி கரைச்சிருவோம்."

"ஆராய்ச்சிக்குக் கேக்கறாங்கண்ணே."

"நம்ம அம்மாதான் கெடச்சுச்சா? பினாங்குல வேற ஆளே இல்லயா?"

"அந்த வேற ஆளு வீட்லயும் இதத்தான சொல்லுவாங்க."

அண்ணன் பட்டறை ஆளிடம் ஏதோ கத்தினார். பிறகு, "சொம்பு எடுத்துட்டுப் போ. பிளாஸ்டிக் பையில வாங்கிட்டு வராதலா."

என் மகள் கவி கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா சொல்றாருன்னு வாங்கிட்டு வந்துராதம்மா. நாளைக்கு எனக்கு வந்தா?"

வாயைக் கழுவுடி என்றேன். குளிக்கும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. தொட்டுப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

9, வியாழன்

வாங்கியது: மஞ்சள் துணி, சூடம், புளி. முறுக்கு மாவு இல்லை. நீ போய் இன்னும் வருசம் திரும்பவில்லை, பலகாரம் சுடக்கூடாது.

சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். உன் அஸ்தி கொண்டுபோன அதே சொம்பு.

அண்ணன் சொல்வது இல்லை என்னை அரிப்பது. நீதான். கட்டி வந்ததை எத்தனை மாசம் மறைத்தாய். ஆம்பிளை டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்றுதானே. என் முன்னால்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் சட்டை மாற்றுவாய். ஆப்பரேஷன் முடிந்து கண் திறந்ததும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"அத என்னடி பண்ணாங்க?"

"தெரியலம்மா."

"யாரு யாரு பாத்தாங்க?"

இப்போது அதே உடம்பை யார் யாரோ பார்க்கவா என்று கேட்கிறார்கள். அதுவும் என்னிடம்.

10, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். அரை நாள் லீவு. பஸ்ஸில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

மலர் கவி வயசுதான் இருப்பாள். மேசைமேல் சொம்பை வைத்தேன், மஞ்சள் துணியோடு. சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு வெறும் மெழுகுக் கட்டியை எடுத்துக் காட்டினாள். கட்டைவிரல் நகம்போல ஒரு துண்டு, இந்த மாதிரி மெழுகுக்குள்தான் இருக்கிறாயாம்.

"வேணும்னா கேட்டு வாங்கித் தரேன்க்கா. உங்க இஷ்டம்."

"ஆம்பளைங்க பாப்பாங்களா?" என்று வாயில் வந்துவிட்டது.

"பாப்பாங்கக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவுங்களுக்குப் பேரு தெரியாது, வெறும் நம்பர்தான். மைக்ரோஸ்கோப்புல தெரியறதும் ஊதாக் கலர்ல புள்ளி புள்ளியாத்தான்."

கவி சொன்னது ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணிக்கொண்டு போனது.

எழுந்திருக்கும்போது, "நீங்க செக் பண்ணிட்டீங்களாக்கா?"

தீபாவளி கழியட்டும் என்றேன்.

"மேல இப்ப லேடி டாக்டர்தான் இருக்காங்க. வாங்க, நானே கூட வரேன்."

சொம்பை மலர் பிடித்துக்கொண்டாள். சட்டையைக் கழற்றும்போது நானும் சுவர்ப்பக்கம்தான் திரும்பினேன். டாக்டர் கை சில்லென்று இருந்தது. ஒரே இடத்தை இரண்டு தடவை அழுத்தினார். செவ்வாய்க்கிழமை மார்பைப் படம் எடுக்க வரச்சொன்னார். கவியிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"குடுத்துட்டேண்ணே."

கார் தட்டுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு, "சொம்பு?"

"காலியாத்தான் இருக்கு."

"தண்ணி ஊத்தி அம்மா படத்துக்கு முன்னாடி வை."

வைத்திருக்கிறேன். நிமிர்ந்து படத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேனே பாப்பாம்மா, உனக்கு வெட்கமாக இருக்கிறதா?