கன்றை அவிழ்க்கும் நேரம்

யூன் 9, திங்கள்

எழுந்தவுடன் கன்றை இழுத்துக்கொண்டுபோய் முருங்கையில் கட்டினேன். வழமையாகக் காலைக் கறவை முடிந்ததும் அதைத் தாயோடு விட்டுவிடுவோம். போன சனிக்கிழமை அவிழ்த்துவிடப் பிந்திவிட்டது. பின்னேரம் அது தாய் எருமை செல்லியிடம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, சுற்றுலா வந்த விருந்தாளிகள் ஆரவாரித்தார்கள், படம் பிடித்தார்கள். என் கணவருக்கு அது போதும்.

"இனி நாளும் கட்டு. பசி பழகினாத்தான் சனிக்கிழமை ஓடும்."

கட்டினது நான்தான்.

யூன் 14, சனி

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. திருகோணமலைக் கடற்கரையிலிருந்து வாகனத்தில் வந்த வெள்ளைக்காரர் வயலைப் பார்த்தார்கள், தயிர் சாப்பிட்டார்கள், பிறகு கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கன்றுக்குக் காத்திருந்தார்கள். அது கால் பின்னப் பின்ன ஓடியது. கைதட்டல்.

ஏன் இவ்வளவு மெலிவு என்று ஒருத்தி கேட்டாள். இவருக்கு இங்கிலிஷ் ஓடாது; பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நான்தான் மொழிபெயர்ப்பு. தமிழில், சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன்னைமாதிரி மூண்டு நேரமும் திண்டா அதுவும் உருண்டிருக்கும் எண்டு சொல்லு."

இந்த இனமே மெலிந்ததுதான் என்று இங்கிலிஷில் சொன்னேன். அவருடைய சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தேன்.

யூன் 15, ஞாயிறு

இனி ஏலாது, கன்று செத்துப்போகும் என்றேன்.

"அப்ப நீ ஓடன் டீச்சர். ஆர் கைதட்டுகினம் எண்டு பாப்பம்."

பால் கறக்கிற இரத்தினசிங்கம் அண்ணை வாளியோடு நின்று சிரித்தார்.

எருமை இரண்டும் அப்பா தந்தது. காணியும் என்னுடையது. அவிழ்த்துவிட்டால் யார் தடுப்பது? அவிழ்க்கவில்லை. ஏன்? வருகிறவர்கள் என்னை "மேடம்" என்கிறார்கள் — அதுவா?

யூன் 18, புதன்

கன்று செத்துவிட்டது. கயிறு கழுத்திலேயே.

யூன் 19, வியாழன்

செல்லி பால் விடவில்லை. முருங்கையைப் பார்த்துக் கத்திக்கொண்டே நிற்கிறாள். அண்ணை கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்திருக்கிறார். உள்ளே வைக்கோல் அடைத்துத் தைக்கப்போகிறாராம். "முந்தியும் செய்யிறதுதானே தங்கச்சி. மணத்துக்குப் பால் இறங்கும்." கோணி ஊசியை என்னிடம்தான் கேட்டார். எடுத்துக்கொடுத்தேன்.

யூன் 21, சனி

வைக்கோல் கன்றை இவர் விருந்தாளிகளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். செல்லி மணந்தாள். நக்கத் தொடங்கினாள். நக்க நக்கப் பால் இறங்கியது.

ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள், அது பொய்க் கன்று என்று அம்மா எருமைக்குத் தெரியுமா என்று.

"என்னவாம்?" என்றார் இவர். சொன்னேன்.

"எருமைக்கு என்ன தெரியும்? எங்கட பிள்ளை செத்துப் பிறந்த நேரம் இவளுக்கும் இப்பிடி ஒண்டு தைச்சுக் குடுத்திருக்கலாம். இவ்வளவு காலம் அழுதிருக்கமாட்டாள்."

அண்ணைகூடச் சிரிக்கவில்லை. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். தாய்க்குத் தெரியும், அன்பினால் ஏற்றுக்கொள்கிறாள் என்று என் கணவர் சொல்கிறார் — இதைத்தான் சொன்னேன். நானா சொன்னேன்?

அந்தப் பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்தாள். எழுந்துபோய் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

யூன் 22

எழுத ஒன்றுமில்லை.

யூன் 26, வியாழன்

நாளை மறுநாள் இன்னும் கூடப் பேர் வருகிறார்கள். செல்லியின் படம் எல்லா இடமும் போயிருக்கிறதாம். இவருக்கு நல்ல சந்தோசம். "உன்ர அன்புக் கதை நல்லா எடுபடுது டீச்சர். அதையே சொல்லு." முருங்கையில் இப்போது மற்ற எருமையின் கன்று நிற்கிறது.

மத்தியானம் அதை அவிழ்த்துத் தாயிடம் விட்டேன். இவர் கண்டால் திரும்பக் கட்டுவார். கட்டட்டும். சனிக்கிழமை வரைக்கும்தானே.

பின்னேரம் குசினியில் வெங்காயம் உரித்தபடி, கன்று எப்படிச் செத்தது என்பதை இங்கிலிஷில் சொல்லிப் பார்த்தேன். பிறகு, எங்கள் பிள்ளையைப் பற்றி அவர் சொன்னதை. அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல். குரல் நடுங்கவில்லை.

"என்ன முணுமுணுக்கிறாய்?" என்று வாசலில் நின்று கேட்டார்.

சனிக்கிழமைக்குச் சொல்ல வேண்டியதைப் பாடமாக்குகிறேன் என்றேன்.

"கெட்டிக்காரி," என்றார்.