மூன்று ஐந்துக்கு வந்த அழைப்பு

2025 மே 19, பதுளை

காலையிலிருந்து மூன்று கடிதம் டைப் செய்தேன். மூன்றிலும் பிழை. றஷீதா மிஸ் திட்டவில்லை. வக்கீல் திட்டாமல் இருந்தால் எனக்கு இன்னும் பயம்.

வீட்டு வேலைக்குப் போன சஜீவனி அக்கா குவைத்தில் லொக்கப்பில் இருப்பது இன்றோடு பதினெட்டு நாள். ஏப்ரல் 27 பின்னேரம் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் வீட்டுக்காரம்மாவின் தங்கக் காப்பை எடுத்தாளாம். அந்த நேரம் முழுக்கக் குசினியில் அடுப்படியில் நின்று அம்மாவோடு வாட்ஸ்அப் வீடியோவில் பேசினேன் என்று அங்குள்ள வக்கீலிடம் சொல்லியிருக்கிறாள். அவள் போனை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது மடுல்சீமையில் அம்மாவின் போன் மட்டும்.

மே 21

கடைக்கார ஜொனி அண்ணன் அம்மாவின் போனிலிருந்து ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். ஏப்ரல் 27, பிற்பகல் 3.05, 52 நிமிடம். துள்ளிக் குதித்தேன்.

மிஸ் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது நம்ம நேரம், ரொஷானி. குவைத் ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்க பன்னெண்டு முப்பத்தஞ்சு."

அப்படியென்றால் மூன்று மணிக்கு அக்கா எங்கே இருந்தாள்?

மே 22

பொய் சொன்னாளா?

சீ. என் அக்காவா!

ஆனாலும் — போன வருசம் காய்ச்சலில் கிடந்ததையே எங்களிடம் ஒளித்தவள்தானே. அம்மாவிடம் கேட்கலாம். கேட்டால், "ஏன்டி கேக்குற?" என்பார். அக்காவைச் சந்தேகிக்கிறேன் என்றா சொல்வேன்?

மே 26

அழைப்பு விபரத்தைக் குவைத் வக்கீலுக்கு அனுப்ப வேண்டாம், அக்கா பொய்யில் மாட்டிக்கொள்வாள் என்று நான்தான் மிஸ்ஸிடம் சொன்னேன். எழுத்தில் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 10, பொசன் பௌர்ணமி லீவு

எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து சேர உச்சி வெயில். மேசையில் கிடந்த அம்மாவின் போனில் மணி 9.50.

"போன் மணி பிழையா ஓடுதும்மா."

"பிழ இல்லடி. புள்ள எப்ப வேலையில நிப்பா, எப்ப படுப்பான்னு எனக்குக் கணக்குப் போட வரல. அதான் ஜொனிகிட்ட சொல்லி அவ ஊரு மணிய வச்சிக்கிட்டேன். நம்ம மணிக்குத்தான் ஃபெக்டரி சங்கு ஊதுதே!"

அப்போ ஸ்கிரீன்ஷொட்டில் இருந்தது குவைத்தின் 3.05. ஐயோ அக்கா, உன்னைப் போய்!

ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பொழுது சாயும்போது பேசினோம் என்று அம்மா சொல்லியிருப்பார். படித்தவளாம் நான்.

ஜூன் 11

போனைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தேன். "மணிய மாத்தினீங்களா?" என்றார் மிஸ். இல்லை என்றதும்தான் கதிரையில் சாய்ந்தார்.

"இங்கண்டா போன் சாட்சியத்தயெல்லாம் நாப்பத்தஞ்சு நாளைக்கு முந்தியே அறிவிக்கணும். இந்தியாவுல சான்றிதழ் கேப்பாங்க. குவைத்துக்கு அறபு மொழிபெயர்ப்பு, முத்திரை. எந்த நாடுண்டாலும் நீதவான் மனசுல கேள்வி ஒண்டுதான்: இதுல யாரு கை வெச்சது?"

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த சமாதான நீதவான் ஒருவர் முன்னால், படம் பிடித்தபடியே, போனை இலங்கை நேரத்துக்கு மாற்றினோம். அழைப்புப் பதிவின் 3.05 எங்கள் கண்முன்னே 5.35 ஆனது. மிஸ் எல்லாவற்றையும் குவைத் வக்கீலுக்கு அனுப்பினார். விசாரணை 24ஆம் திகதி. மொழிபெயர்த்து முடிப்பார்களா?

ஜூன் 24

செய்தி இல்லை.

ஜூன் 25

ஒத்திவைப்பு. கடிக்க இனி நகம் இல்லை.

ஜூலை 9

விடுதலை! குவைத் வக்கீலின் செய்தியை நாலு தரம் வாசித்தேன். அம்மா ஜொனி அண்ணனின் போனிலேயே அழுதார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 2, மடுல்சீமை

அக்கா வந்துவிட்டாள், பாதியாய் மெலிந்து. அவளை அனுப்பிய ஏஜென்சி மேல் முறைப்பாடு கொடுக்க வழக்குக் கோப்பு வேண்டுமாம். பதினான்காம் பக்கம் மே 26இல் நான் எழுதிய கடிதம். ஒரு தாளை உருவுவது பெரிய வேலையா? உருவினேன். திரும்ப வைத்தேன். இப்படியே மூன்று தரம். கடைசியில் அதோடேயே கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3

அந்தப் பக்கத்தை அக்கா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கோப்பை மூடினாள்.

"இத அம்மா பாக்க வேணாம்."

எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிவந்தாள், எனக்கும் ஒன்று. வாங்கிக் குடித்தேன்.