வால்ட்ஸ் ஆடினேன், உங்க அக்கா பார்த்தாங்க

என்னங்க,

உங்களைத்தான் கூப்பிடுறேன். பேப்பருக்குப் பின்னாடி முகத்தை வச்சுக்கிட்டு சும்மா "ம்" கொட்டாம, முழுசாக் கேளுங்க. நீங்க போயி ஒன்றரை வருஷம் ஆகுது. எழுதினா நல்ல சேதியோடதான் எழுதணும்னு இத்தனை நாள் பேனாவைத் தொடாம இருந்தேன்.

நான் மேடையேறி ஆடிட்டேன். கிள்ளான் டவுன்ல, மண்டபம் நிறைய நம்ம தமிழ் ஆளுங்க உட்கார்ந்திருக்க, அவங்க முன்னாடி. ஆமாங்க, நானேதான்.

எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பீங்க! சனிக்கிழமை அரை நாள் ரயில்வே ஆபீஸ் முடிஞ்சு வந்து, சட்டை மாத்திக்கிட்டு, பிரிக்பீல்ட்ஸ்ல அந்த மாடி டான்ஸ் கிளாஸுக்கு ரெண்டு பேரும் தவறாமப் போவோம். அங்க சீனங்க முன்னாடி, பாதி வெள்ளைக்கார யூரேசியன்காரங்க முன்னாடி எத்தனை வால்ட்ஸ் வேணும்னாலும் ஆடுவேன். "ஒரே ஒரு தடவை நம்ம ஜனங்க முன்னாடி ஆடலாம் சரோ"ன்னு நீங்க ஆரம்பிச்சாப் போதும், நான் எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன். கட்டிப்பிடிச்சு ஆடுறாங்கன்னு பேசுவாங்களேன்னு பயம். கட்டின புருஷனைத்தானே பிடிச்சேன், அதுக்கு ஏன் அப்படி நடுங்கினேன்?

உண்மையைச் சொல்லிடுறேன். ஊருக்கு நான் பயப்படல, பந்திங் ஊர்ல இருக்கிற உங்க அக்காவுக்குத்தான் பயந்தேன். எஸ்டேட்ல ரப்பர் பால்மரம் வெட்டி உங்களைப் படிக்க வச்சவங்க. கருமாதி அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "ஆடி ஆடித்தான் என் தம்பி நெஞ்சு கெட்டுப்போச்சு. இனிமே உனக்கும் அந்த ஆட்டம் வேணாம்." டாக்டர் சொன்ன காரணம் வேறன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் அவங்களும் இந்தப் பக்கம் வரல, நானும் அந்தப் பக்கம் போகல. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுல உங்க சொந்தம்னு எனக்கு மிச்சம் இருந்தது அவங்க ஒருத்தங்கதான்.

ஒரு வருஷம் கிளாஸ் இருக்கிற தெருவுலயே கால் வைக்கல. அப்புறம் ஒரு நாள் நம்ம கிளாஸ் வோங் வந்தாரு, தபால் ஆபீஸ் வோங்தான், கூடவே சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு. அந்தம்மாவுக்கு முட்டி வலியாம், இனி ஆட முடியாதாம். "சரோஜா, யூ டேக் மை ஹஸ்பண்ட் லா! வீட்டுல இருந்தா ஒரே தொல்லை"ன்னு அவங்களே என் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு கிள்ளான்ல ஒரு தமிழர் சங்கத்துல இருந்து நம்ம கிளாஸைக் கூப்பிட்டாங்க, ஆறு ஜோடி, ஒரு மணி நேரம் மேடை ஷோ.

அன்னைக்கே அக்காவுக்கு எழுதினேன். "அக்கா, நான் மறுபடி ஆடுறேன். உங்களுக்குத் தெரியாம ஆட மனசு வரல. நீங்க வந்து பாருங்க. பார்த்துட்டு வேணாம்னு சொன்னா அன்னையோட விட்டுடுறேன்." எழுதின கையோட தபால் பெட்டியிலயும் போட்டுட்டேன். பதிலே வரல. விட்டுடுன்னு சொன்னா நெசமாவே விட்டிருப்பேனா? தெரியல. ஆனா வார்த்தை கொடுத்தாச்சு.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத் திரைக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கிறேன், மூணாவது வரிசையில அக்கா. பந்திங் பஸ்ஸுல வந்த களைப்பு முகத்துல, மடியில துணிப்பை. சடக்குன்னு தலையை உள்ள இழுத்துக்கிட்டேன்.

ஷோவை விட்டுத்தள்ளுங்க, நம்ம ஜனங்க பண்ணின கூத்தைக் கேளுங்க. முதல்ல சின்னஞ்சிறுசுங்க இடுப்பை ஆட்டி ஆடுற சா சா சா. பின்வரிசைப் பசங்க ஒரே விசில். முன்னாடி நாலஞ்சு ஆன்டிங்க முந்தானையால கண்ணை மூடிக்கிட்டாங்க, மூடின முந்தானை மெல்லிசு நைலக்ஸ்! "அண்ணே, பாட்டுல ஒரு வரி கூட இல்லையே, எப்படிப் புரியும்?"னு ஒரு பெரியவரு பக்கத்து ஆளைக் கேட்கிறாரு. அடுத்து டாங்கோ ஆடுற ஜோடி வந்துச்சு, ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு வெடுக்வெடுக்குன்னு தலையைத் திருப்பினாங்களா, ஒரு சின்னப்பய "அம்மா, இவங்க சண்டை போடுறாங்களா?"ன்னு கத்திட்டான். "இல்லடா, சமாதானம் ஆகுறாங்க"ன்னு அவங்கம்மா சொன்னது மேடை வரைக்கும் கேட்டுச்சு. நடுவுல மைக்குல, வாசலை மறிச்சு நிக்கிற நீலக் காரை யாரு எடுப்பான்னு வேற ஒரு அறிவிப்பு.

கடைசி ஜோடி நானும் வோங்கும். நீங்க வாங்கிக் கொடுத்த இளநீலச் சேலை, கொசுவத்தை அகலமா வச்சு எட்டு ஊசி குத்தியிருந்தேன். கையைத் தூக்கி, முதுகை நிமிர்த்தி, வால்ட்ஸுக்குத் தயாரா நிக்கிறோம். பாட்டு வரல. கேசட் நாடா சிக்கிக்கிச்சு. பாட்டுப் போடுற தம்பி பென்சிலை விட்டுச் சுத்துறான், சுத்துறான், சுத்திக்கிட்டே இருக்கான். கையை இறக்கக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும், அதனால சிலையாட்டம் அப்படியே நின்னோம்.

அறிவிப்பாளருக்கு என்ன தோணிச்சோ! வயசான ஜோடி அசையாம நிக்குதே, மரியாதைக்குத்தான் காத்திருக்காங்கன்னு நினைச்சுட்டாரு. "மூத்த கலைஞர்களுக்குத் தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்"னு மைக்குல முழங்கிட்டாரு. தலைவரும் விறுவிறுன்னு ஏறி வந்தாரு. பொன்னாடை ஒண்ணுதான் மிச்சமாம். அதை விரிச்சு, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து, ஒண்ணாப் போர்த்திட்டாருங்க!

ஐயோ, அந்தக் கோலத்தை நினைச்சுப் பாருங்க. புருஷன் போயி ஒன்றரை வருஷம் ஆன பொம்பளை, சீனக்காரரோட ஒரே சால்வைக்குள்ள, மாலை மாத்தாத குறை. சனம் கைதட்டுது, போட்டோக்காரன் பளிச் பளிச்சுன்னு எடுக்கிறான். வோங் பாவம், இதுவும் நிகழ்ச்சியில ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு "தேங்க் யூ, தேங்க் யூ"ன்னு தலையை ஆட்டுறாரு. மிசஸ் வோங் முன்வரிசையில சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறி இருமுறாங்க.

நான் மூணாவது வரிசையைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்னுட்டாங்க. பையை எடுத்துத் தோள்ல மாட்டுறாங்க. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

அவங்க வாசலுக்குப் போகல. நேரா மேடைப்படி ஏறி வந்தாங்க. எங்க மேல கிடந்ததை உருவி, ஒரு உதறு உதறி, நாலா மடிச்சுத் தலைவர் கையிலேயே கொடுத்தாங்க. "ஏங்கய்யா, ஆடப் போறவங்களை இப்படி மூட்டை கட்டினா காலை எங்க வைப்பாங்க? விடுங்க, ஆடட்டும்." மைக்கு பக்கத்துலயே இருந்துச்சு. மண்டபமே இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு, தலைவரும் சேர்ந்து சிரிச்சாரு. அக்கா என்னை ஏறெடுத்தும் பார்க்காம இறங்கிப் போயி உட்கார்ந்துட்டாங்க.

அதே நேரத்துல பாட்டும் வந்துச்சு. நம்ம சனம் பஜனைக்குத் தட்டுற மாதிரி கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க, வால்ட்ஸுக்கு மூணு எண்ணிக்கை, இவங்க தட்டுறது நாலு! வோங் திணறிட்டாரு. நான் காதோரமா எண்ணி எண்ணி இழுத்துட்டுப் போனேன். ரெண்டாவது சுத்துல தட்டுறது குறைஞ்சு, மூணாவது சுத்துல சத்தமே இல்ல. முடிஞ்சதும் எழுந்திரிச்சு நின்னு தட்டினாங்க பாருங்க, முந்தானை போட்டு மூடின ஆன்டிங்க உட்பட! ஒரு அங்கிள் "இன்னொரு தடவை லா!"ன்னு கத்தினாரு. வெளிச்சம் கண்ணுல அடிச்சதுல அக்கா என்ன பண்ணினாங்கன்னு மட்டும் தெரியல.

சேலையைக்கூட மாத்தாம ஓடினேன். மண்டபத்துக்குப் பின்னாடி, கார் நிறுத்துற இடத்துல தனியா நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"அக்கா, சொல்லுங்க. விட்டுடவா?"ன்னேன்.

"என் தம்பியும் இப்படித்தான் ஆடுவானா?"ன்னு கேட்டாங்க.

"வோங்கை விட நல்லா ஆடுவாருக்கா."

"எத்தனையோ தடவை கூப்பிட்டான், வந்து பாருக்கான்னு. நான்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஒரு தடவை கூடப் பார்க்கலையே சரோஜா." தோள்ல இருந்த பையை இறக்கி வச்சுட்டு, "நீ காட்டு. அவன் எப்படி ஆடுவான்?"னாங்க.

நான் எப்படிங்க காட்டுறது? எனக்குத் தெரிஞ்சது பொம்பளை ஆட்டம். ஆனா யோசிச்சேன். இத்தனை வருஷம் நீங்க முன்னாடி ஒரு அடி வச்சா நான் பின்னாடி ஒரு அடி வச்சேன். உங்க கால் போன இடம் என் காலுக்குத் தெரியாதா?

அக்காவோட இடது கையை எடுத்து என் தோள்ல வச்சேன். ஆரம்பிக்கும் முன்னாடி உள்ளங்கையைச் சட்டையில துடைச்சுக்குவீங்களே, நான் சேலையில துடைச்சேன். திரும்புறப்ப இடது தோளை லேசாத் தூக்குவீங்களே, அதையும் தூக்கினேன். உங்களை மாதிரியே நீளமா அடி வச்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு மூக்கால முனகிக்கிட்டு நடத்திக்கிட்டுப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்க்கல, என் காலையே பார்த்தாங்க. தடுமாறி நல்லா அழுத்தி என் காலை மிதிச்சுட்டாங்க.

"வலிக்குதா தம்பி?"

"இல்லக்கா"ன்னேன்.

அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் நிறுத்தல. நாலு சுத்து சுத்தினோம்.

வர்ற சனிக்கிழமை அக்கா பிரிக்பீல்ட்ஸ் வராங்க, அடுத்து உங்க குயிக்ஸ்டெப் ஆட்டத்தைக் காட்டணுமாம். உங்க ஆட்டம் ஒவ்வொண்ணையும், ஒரு அடி விடாம, அவங்களுக்கு ஆடிக் காட்டுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்க அக்காவைக் கைப்பிடிச்சு ஆட வச்ச உங்க பொண்டாட்டி,
சரோஜா