மயில் ஆடிய வீடியோ

அரும்பாவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகன் அன்பழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, தோஹாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க சிறுவாச்சூர் மதுரகாளியை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்து மறுபடி வயலுக்குப் போகிறார், சின்ன வெங்காயம் இந்தத் தடவை நோய் விழாமல் வந்திருக்கிறது. தங்கச்சி தேவயானிக்கு அரியலூர் காலேஜில் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் பேச எனக்கு மனசு வரவில்லை, அதோடு நீ வேலைக்கு நடுவில் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், இது அப்படி வைத்துவிடுகிற விஷயம் இல்லை. அய்யாக்கண்ணு மாமா மகன் லீவு முடிந்து அங்கே வருகிறான், அவனிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டு இருசம்மாள் சின்னம்மா எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று போன தடவையே சொன்னேன். பெரம்பலூரில் ஒரு டிரஸ்ட்காரர்கள் படிக்காத பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தினார்கள், நான் பத்தாவது படித்தவள் என்பதால் கூடமாட உதவ என்னையும் குரூப்பில் சேர்த்தார்கள். சக்தி என்று ஒரு இளவயசு வாத்தியார். முதலில் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தினம் ஒரு எழுத்து, அதை எழுதிக் காட்டும் வீடியோ, பிறகு அவர் குரலில் நாலு வார்த்தை. வெங்காயத்துக்கு வால் அறுத்துக்கொண்டே இருசம்மாள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்பாள். எத்தன தடவ கேட்டாலும் போனு மூஞ்ச சுளிக்கல அக்கா என்பாள். டிவி சீரியலில் பேர் ஓடும்போது ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பாள், அவள் மருமகள் மலர்க்கொடி, அத்தே கதைய பாக்க வுடுங்க என்று கத்துவாள்.

அப்புறம் அந்த ஆளுக்கு லைக் பைத்தியம் பிடித்தது. பாடம் போய் ரீல்ஸ் வந்தது. ழகரத்துக்கு ஒரு ஆட்டம், றகரத்துக்கு ஒரு குத்துப்பாட்டு, எழுத்து கண்ணில் படுவதற்குள் வீடியோ முடிந்துவிடும், ஷேர் பண்ணுங்கம்மா என்று கெஞ்சல் வேறு. சந்தேகம் கேட்டால் பதில் வராது, ஒரு ஹார்ட் மட்டும் வரும். பிறகு எல்லோரும் படிக்கிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புங்கள், தப்பைத் திருத்தித் தருகிறேன் என்றார். இவளும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, மழை வந்தது மயில் ஆடியது என்று படித்தாள். படிக்கும்போது மயிலில் கடைசி எழுத்து ல் போய் ர் ஆகிவிட்டது. அது என்ன வார்த்தை ஆகும் என்று உனக்கே தெரியும். உடனே வாயைப் பொத்திச் சிரித்து, ஐயையோ தப்பு சார் என்று திருத்தி ஒழுங்காகப் படித்தாள். அந்தப் பாவி திருத்தியதை வெட்டி எறிந்துவிட்டு, தப்பை மட்டும் நாலு தரம் திரும்ப ஓடவிட்டு, அவள் முகத்தில் மயில் தலைப் பொம்மையை ஒட்டி, கெக்கெக்கே என்று சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊருக்கே போட்டுவிட்டான். இனி அவனுக்கு என்ன மரியாதை.

அது என் போனுக்கு எப்படி வந்தது தெரியுமா அன்பழகா, நீ அனுப்பித்தான் வந்தது. நம் குடும்பக் குரூப்பில், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டு. முகம் மறைந்திருந்தால் என்ன, உனக்கு அந்தக் குரல்கூடவா தெரியவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஊரில் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும். பஸ் ஸ்டாண்டில் மயிலு வருது மயிலு வருது என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திருப்பூரிலிருந்து அவள் மகன், சாவப்போற வயசுல படிப்பு கேக்குதா என்று போனில் கத்தினான். நானும் குரூப்பில் இருந்த மணிமொழியும் பெரம்பலூர் போய் அந்த சக்தியைக் கேட்டோம். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அதான் மூஞ்ச மறைச்சிட்டமேம்மா, இப்படிப் போட்டாதான் நாலு பேரு பாப்பாங்க, பாத்தாதான் கிளாஸ் நடத்த காசு வரும், உங்களுக்குப் புரியாது என்றான். சத்தம் போட்டதும் வீடியோவை அழித்துவிட்டான், ஆனால் அதற்குள் எவனெவனோ எடுத்துப் போட்டாகிவிட்டது. அதைவிட அசிங்கம், மறுநாள் டிரஸ்ட் மேனேஜர் புதுச் சேலையும் கேமராவுமாக இருசம்மாள் வீட்டுக்கே வந்து, நாங்க மன்னிப்புக் கேக்கறத ஒரு வீடியோவா எடுத்துக்கறோம், நீங்க லேசா அழுதா போதும் என்றாராம். அவள், கேமராவ பையில போட்டுட்டு வந்து மன்னிப்பு கேளுங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் சேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் போனோடு என்னிடம் வந்தாள். அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் தானே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள், ஒருத்தர் உதவியும் இல்லாமல். அக்கா, தற்குறின்னா என்ன என்றாள். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆளை அப்படித் திட்டுவார்கள் என்று சொன்னேன். போனை மறுபடி ஒருதரம் பார்த்தாள். பிறகு, அப்ப அது நான் இல்லியே, நான்தான் அதப் படிச்சிட்டனே என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், நானும் அழுதேன்.

நாங்கள் எல்லோரும் அந்தக் குரூப்பை விட்டு வந்துவிட்டோம். இப்போது நானே எல்லோருக்கும் போனில் குரல் பதிந்து பாடம் அனுப்புகிறேன், இருசம்மாள் என் வீட்டுக்கே வந்து படித்துக் காட்டுகிறாள், படம் பிடிக்க ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. மதுரகாளி உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். ஒன்று மட்டும் மறக்காமல் செய். நீ அந்த வீடியோவை அனுப்பியது சின்னம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன், நீயே சொல்லி மன்னிப்புக் கேள். போன் போடாதே, பொம்மை போடாதே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுவாயே அதுவும் வேண்டாம். நல்ல தமிழில் எழுதி அனுப்பு. அவளே படித்துக்கொள்வாள்.

உன் அம்மா,
புஷ்பவல்லி