பிடுங்குவது இலவசம்

நம் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் மகளும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை. ஆனால் அது பாதிதான் உண்மை. உங்கள் எண்ணுக்குப் போட்டால், ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று நான்கு மாதமாக ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அதனால் நீங்கள் வேலை பார்க்கும் கப்பல் பட்டறை விலாசத்துக்கே பதிவுத் தபாலில் இதை அனுப்புகிறேன். இன்னும் சில நாளில் அரசு பல் மருத்துவமனையின் தகுதிப் பிரிவிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வரும். விஷயத்தை அவர்கள் தட்டச்சில் படிப்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் நீங்கள் படித்துவிட வேண்டும்.

முதலில் என் பல். இடது பக்கம், கீழ்க் கடைவாய். ஒரு வாரம் கிராம்பை வைத்து ஓட்டினேன். அதற்குமேல் கன்னம் வீங்கிவிட்டது. சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஊசி துணியில் இறங்குகிறதா பல்லில் இறங்குகிறதா என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போய்க் காட்டிட்டு வாம்மா, பாக்கவே பயமா இருக்கு” என்று அனுப்பினார். இரக்கம்தான். அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட இரக்கம்.

மருத்துவமனையில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “பல்லு நல்லாத்தான் இருக்குக்கா. உள்ள நரம்புதான் கெட்டுப்போச்சு. வேர் சிகிச்சை பண்ணி மேல கேப் போட்டுட்டா இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்ல” என்றாள். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகத் தகுதிப் பிரிவு ஜன்னலுக்குப் போனேன்.

அங்கே இருக்கும் அம்மாளுக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு இலவச சிகிச்சைக்குத் தகுதி இல்லை என்றார். என் சம்பளச் சீட்டைக் காட்டினேன். வருமான வரம்பில் அது பாதிகூட வராது. அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். நான்கு வருடத்துக்கு முன்னால் இலவச சிகிச்சை அட்டை வாங்கும்போது நீங்கள் கொடுத்தீர்களே, கம்பெனியின் சம்பளச் சான்றிதழ், அது அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது வரம்பு உயரமாக இருந்தது, அட்டை கொடுத்தார்கள். இப்போது வரம்பைக் குறைத்துவிட்டார்கள், அட்டை செல்லாது. கணவர் சம்பாதிப்பதும் குடும்ப வருமானம்தானாம்.

குடும்பத்துக்கு வந்தால்தானே அது குடும்ப வருமானம் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“வருதா வரலையான்னு கேக்க இதுல கட்டம் இல்லம்மா. சம்பளம் எவ்வளவுன்னுதான் கட்டம் இருக்கு” என்றார் அந்த அம்மாள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டணப் பலகை. தகுதி இல்லாதவர்களுக்கு, டாக்டர் பார்ப்பதற்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, வேர் சிகிச்சைக்கு ஒரு வேருக்கு இவ்வளவு, கேப்புக்குத் தனி. கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேராம். நானா கேட்டேன் இரண்டு? மொத்தம் கூட்டினால் என் இரண்டரை மாதச் சம்பளம். பலகையின் கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘பல் பிடுங்குதல்: அனைவருக்கும் இலவசம்.’ பார்த்தீர்களா? இருக்கிற பல்லைக் காப்பாற்றிக்கொள்ளத் தகுதி வேண்டும். அதை இழப்பதற்கு ஒரு தகுதியும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம். இதை எழுதிய ஆளுக்கு வாயில் பல் இருக்கிறதா என்று கேட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடி அம்மாள் கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு இன்னொரு படிவம் கொடுத்தார். ‘கணவரின் ஆதரவின்றி வாழ்பவர்’ என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வந்தால் உங்கள் சம்பளத்தைக் கழித்துவிடுவார்களாம். அன்றைக்கே சிகிச்சை தொடங்கலாமாம்.

படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டேன். திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் பிடுங்கச் சொன்னேன். “நல்ல பல்லுக்கா” என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அந்தக் கட்டத்தில் டிக் போடுவதைவிடப் பல்லைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. கொடுத்தேன்.

இது முடிந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பள்ளியில் ஓட்டப் பயிற்சியில் மகள் தடுக்கி விழுந்து, மேல் முன்பல் பாதியாக உடைந்துவிட்டது. நரம்பு வெளியே தெரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இன்றைக்கே தொடங்கினால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் எடுக்க வேண்டிவரும் என்றாள். பிள்ளைகளுக்கு இலவசம்தானே என்று கேட்டேன். இலவசம்தான், பன்னிரண்டு வயது முடியும்வரை. நம் மகளுக்குப் பதின்மூன்று முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “பிடுங்கிரலாம்மா. அது ஃப்ரீதானே. நீ பிடுங்கிக்கல?”

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ பேனா வாங்குகிற மாதிரி சொன்னாள். இதையா நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று வந்த கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பைக்குள் கிடந்த அந்தப் படிவத்தோடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் நம் வீட்டுக்கு ஓடினேன். ஒரு மணிக்கு ஜன்னல் மூடிவிடுவார்கள்.

சாட்சிக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். கீழ் வீட்டு மெக்கானிக் அண்ணன் படிவத்தை முழுதாகப் படித்தார், கையைத் துடைத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் படிக்கக்கூட இல்லை. “எப்ப வந்து கேப்பேன்னுதான் பாத்துட்டு இருந்தேன்” என்றார். மொத்தம் ஐந்து நிமிடம். ஒருவராவது, அப்படியெல்லாம் இருக்காதும்மா, அவர் வந்துருவார் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. உதவி செய்தவர்கள் மேல் ஆத்திரப்படுகிறேனே என்று என் மேலும் ஆறவில்லை.

ஜன்னலில் கொடுத்தபோது, ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேன் என்று கண்ணாடி அம்மாள் விரலால் காட்டினார். ‘எவ்வளவு காலமாக?’ நீங்கள் கடைசியாகப் பணம் அனுப்பியதிலிருந்து கணக்குப் போட்டு, பதினான்கு மாதம் என்று எழுதினேன். அதுவரை நான் எண்ணவே இல்லை. எண்ணக் கூடாது என்று வைத்திருந்தேன்.

மகளுடைய பல் பிழைத்துவிட்டது. இரண்டு தடவை போய் வந்தோம், வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். சிரிக்கும்போது மட்டும் இன்னும் கை வாய்க்குப் போகிறது. விசாரணை முடிந்த பிறகுதான் கேப் போடுவார்கள். அந்த விசாரணைக் கடிதம்தான் உங்களுக்கு வரப்போகிறது. உங்கள் மனைவி எழுதிக்கொடுத்தது உண்மையா என்று கேட்பார்கள். முப்பது நாளில் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் உண்மை என்று எடுத்துக்கொள்வார்களாம். பொய் என்று தெரிந்தால் முழுக் கட்டணத்தையும் அபராதத்தோடு நான் கட்ட வேண்டுமாம்.

உங்களுக்கு வேலை போயிருந்தால் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள். வேறு ஏதாவது என்றாலும் அதை நீங்களே எனக்கு எழுதுங்கள். உங்கள் முப்பது நாள் மௌனத்தை வைத்து, அதை ஓர் அலுவலகம் எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

கோபம் வந்தால் படுங்கள். அந்தக் கோபத்தோடு அவர்களுக்குப் பதில் போடுங்கள். என் மனைவி பொய் சொல்லிவிட்டாள், அவளுக்கும் மகளுக்கும் நான் இருக்கிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அபராதம் எவ்வளவானாலும் ராப்பகலாகக் காஜா அடித்துக் கட்டிவிடுகிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பணமும் கட்டியிருக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி