வெயிலில் நீளாத இரும்பு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. குட்டி உருண்டை இப்போதுதான் தொட்டிலில் கண்ணயர்ந்தாள். கீழ் ஈறில் இரண்டு பல் வருகிறது. அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள், என் அடையாள அட்டை உட்பட. அவருக்கு இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட், காலை ஏழுக்குத்தான் வீடு. போன் செய்திருக்கலாம். நீ எடுக்காவிட்டால் எனக்குத் தாங்காது, எடுத்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? உன் பள்ளிக்கு லீவு விட்டாயிற்று என்று சித்தி சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கட்டும் கலையரங்கத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி, எலும்புக்கூட்டை நிறுத்திட்டுத் தோல் போர்த்த மறந்துட்டீங்களா?” என்று கேட்டாயே, அங்கேதான் பிரச்சினை. கூரையைத் தாங்கும் இரும்பு எதையும் நாங்கள் மறைக்கவில்லை. எட்டு உத்தரங்கள், ஒவ்வொன்றும் அறுபது மீட்டர். அவ்வளவு நீள இரும்பு நல்ல வெயிலில் இரண்டு சென்டிமீட்டர் நீளும். நீளட்டும் என்றுதான் ஒரு நுனியை இறுக்கிவிட்டு, மறுநுனியைத் தூண்மேல் வழுக்கிப் போகிற பேரிங்கில் உட்கார வைப்போம். தூக்கி நிறுத்தும்போது நழுவாமலிருக்க அந்தப் பேரிங்கைச் சில போல்ட்டுகளால் பூட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். யாரும் மறந்துவிடக் கூடாதென்றே அந்தப் போல்ட்டுகள் சிவப்பாக வரும்.

போன வருடம் போட்டோ எடுக்க ஆட்கள் வருவதாக இருந்தது. புதுச்சட்டையில் மைக்கறை மாதிரி சிவப்பு தெரிகிறதே என்று ஆர்க்கிடெக்ட் முகம் சுளித்தார். எனக்கு எட்டாம் மாதம், நிற்க முடியவில்லை. பெயிண்டரிடம், “அதையும் சேர்த்துச் சாம்பல் அடிச்சிருங்கண்ணே, பிறகு பாத்துக்கலாம்” என்றேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. மறுநாளே வலி வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, ஆட்டோவில் வலி தாங்காமல் உன் கையைத்தான் கடித்தேன்.

வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை ஒரு பேரிங்கின் பக்கத்தில் உத்தரம் எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் முள்ளைப் பார்த்தேன், பூஜ்யத்தில் நின்றது. உச்சிவெயிலில் திரும்ப ஏறிப் பார்த்தேன். அப்போதும் பூஜ்யம். தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, முள் அசையவில்லை. வீட்டுச் சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன். சாம்பலுக்கு அடியில் சிவப்பு. மற்ற ஏழிலும் ஏறிச் சுரண்டிப் பார்த்தேன் அக்கா. எட்டுப் பேரிங்கும் அப்படியே பூட்டிக்கிடக்கின்றன. உத்தரம் நீள வழியில்லாமல் தூணைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு தூணின் தலையில் மயிரிழை விரிசல் கண்டிருக்கிறது. அதைச் சரிசெய்துவிடலாம். கோடை முற்றும்வரை விட்டிருந்தால் தூண்தலை பிளந்திருக்கும், கீழே நிகழ்ச்சி பார்க்க வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்று மாலை எங்கள் சீஃப் இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது என்று கேட்டார். பெயிண்டரண்ணன் வாய் திறப்பதற்குள் நான்தான் என்று சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினார், எல்லாம் நியாயமான திட்டு. வேலை போச்சு என்றே நினைத்தேன். பிறகு வரைபடத்தை விரித்துப்போட்டு, “எல்லாத்தையும் ஆரம்பத்துலேர்ந்து பாத்தவ நீதான். நீயே நின்னு கழட்டு” என்றார்.

சிக்கல் இதுதான். இரும்பு பகலில் விம்மிப் போல்ட்டை நெரித்துக்கொண்டிருக்கும். அப்போது கழற்றினால் தெறிக்கும். பொருத்திய நாளின் குளிர்ச்சிக்கு அது இறங்குவது விடிவதற்கு முன்னால் மட்டும்தான். ஒரு விடியலுக்கு ஒரு பேரிங். அன்று முழுக்க அளந்து பார்த்துவிட்டு மறுநாள் அடுத்தது. வருகிற திங்கள் தொடங்கி எட்டு நாள், நாலு மணிக்கு நான் மேலே நிற்க வேண்டும். ஷிப்ட் மாற்றித் தர மாட்டார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். காப்பகம் திறப்பது எட்டு மணிக்கு. ஆள் கிடைக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு, வேறொருவரை அனுப்புகிறேன் என்றார் சீஃப். வேலை எப்படியும் நடந்துவிடும். என் கையால் ஆன தப்பை வேறொருவர் சரிசெய்ய, நான் கீழே மேஜையில் காகிதம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா, நீ வந்து இவளைப் பார்த்துக்கொள்வாயா?

தேவை வந்ததும் அக்கா நினைப்பு வந்ததோ என்று கேட்பாய். ஆமாம், தேவைதான், மழுப்பவில்லை. ஆனால் இன்று ஒருமுறை ‘நான்தான்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டேனா, இரண்டாவது முறைக்கும் துணிச்சல் வந்திருக்கிறது. போன மாதம், “பால்குடி மறக்காத பிள்ளைய விட்டுட்டு இரும்பைக் கட்டிக்கிட்டு அழு” என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அதற்காக, பெற்றவளுக்குத்தான் தெரியும், உனக்கென்ன தெரியும் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.  கையிலிருந்த அவள் துணிகளை மடித்து முடித்துவிட்டுத்தான் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அவள் பிறந்த முதல் இரண்டு மாதம் நான் தூங்கட்டும் என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தவள் நீ. எந்தப் பக்கம் சாய்த்தால் அவள் ஏப்பம் விடுவாள் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். உன்னிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னேன். தப்பு என்னுடையது அக்கா.

அவள் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு நொடி நின்றுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்க்கிறாள். நீ பார்க்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு சைட்டுக்கும் வா. முள் நகர்ந்திருக்கும், உனக்குக் காட்டுகிறேன். இரண்டு சென்டிமீட்டருக்கா இந்த ஆட்டம் என்று நீ கேலி செய்தால் கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். வர முடியாவிட்டாலும் திட்டியாவது நாலு வரி எழுது. விடிந்ததும் இதைக் கூரியரில் போட்டால் நாளை மறுநாள் கிடைத்துவிடும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

என்றும் உன்,
தங்கச்சி